விரிப்பிலிருந்து தரைக்கு: பொருத்தப்பட்ட கம்பளமும் வீட்டுழைப்பும் (பிரித்தானியா, அமெரிக்கா)

முன்னுரை

கம்பளத்தைக் குறிக்க வழங்கும் ‘விரிப்பு’ என்னும் சொல் விரித்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. விரிக்கப்படுவது சுருட்டப்படவும் கூடியது என்பது அச்சொல்லின் உள்ளுறை. பாயும் சமுக்காளமும் இப்பொருளுக்கு முற்றிலும் பொருந்துவன. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சுவர் முதல் சுவர் வரை பொருத்தப்பட்ட கம்பளமோ இவ்வியல்பைப் படிப்படியாக இழந்து, கட்டடத்தின் உறுப்பாகவே மாறியது. இம்மாற்றம் கம்பளத்தைத் தூய்மை செய்யும் வேலையை யார், எங்கே, எத்தனை முறை செய்தனர் என்பதையும் மாற்றியது. கம்பளம் பொருத்தும் முறைக்கும் பராமரிப்பு உழைப்புக்கும் இடையிலான இவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கீற்றும் ஆணியும்

1755இல் தாமஸ் விட்டி ஆக்ஸ்மின்ஸ்டரில் தம் முதற் கம்பளத்தை நெய்து முடித்தார். அங்கு உருவான கைமுடிச்சுக் கம்பளங்கள் செல்வர் மாளிகைகளுக்கே உரியனவாக இருந்தன. நடுத்தர வகுப்பினரின் இல்லங்களுக்குக் கம்பளத்தைக் கொண்டு சேர்த்தவை வில்டன், கிடர்மின்ஸ்டர் முதலிய ஊர்களின் தறிகள். பிரஸ்ஸல்ஸ், வில்டன் வகைக் கம்பளங்கள் பெரும்பாலும் 27 அங்குல அகலக் கீற்றுகளாக நெய்யப்பட்டன. பூவேலை பிசகாதவாறு கீற்றுகளை இணைத்துத் தைத்து, அறையின் அளவுக்கு வெட்டி, ஓரங்களைச் சிற்றாணிகளால் தரைப்பலகையில் அறைந்தனர். அடியில் தாளோ வைக்கோலோ பரப்பினர். 1840களில் அமெரிக்கரான எராஸ்டஸ் பிகலோ விசைத்தறியைக் கம்பள நெசவுக்கு ஏற்ப வடிவமைத்தபின் உற்பத்தி பெருகியது. கம்பளம் பரந்த மக்கட்பகுதியினரின் வீட்டுப்பொருளாயிற்று.

ஆணியறைந்த கம்பளம் நிலையானதுபோல் தோன்றினும் உண்மையில் அது நீக்கத்தக்கதே. நாள்தோறும் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிப் பெருக்குவது தூசி எழாமல் அடக்கும் வழியாக இருந்தது. 1861இல் நூல்வடிவம் பெற்ற இசபெல்லா பீட்டனின் இல்லற மேலாண்மை நூலும் இதனைக் குறிப்பிடுகிறது. எனினும் நிலக்கரி அடுப்பின் புகைக்கரியும் விளக்குப் புகையும் இழைகளுக்குள் ஆழமாகப் படிந்தன. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, குறிப்பாக இளவேனில் தொடக்கத்தில், ஆணிகளைப் பிடுங்கிக் கம்பளத்தை வெளியே சுமந்து சென்று, கயிற்றில் தொங்கவிட்டுப் பிரம்பால் அடித்தனர். பெருவலிமை வேண்டிய இவ்வேலையில் பணியாளர், கூலிக்கு அமர்த்தப்பட்டோர், வீட்டு ஆடவர், சிறுவர் எனப் பலரும் பங்குகொண்டனர்.

தூசியும் நோயச்சமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. 1868இல் வெளிவந்த இல்ல அலங்காரம் பற்றிய தம் நூலில் சார்லஸ் ஈஸ்ட்லேக், அறை முழுவதையும் மூடும் கம்பளத்தை ஏற்கவில்லை. ஓரங்களில் தரை தெரியுமாறு விரிக்கும் கம்பளத்தையே பரிந்துரைத்தார். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அடையாளம் கண்டபின், தூசி அழுக்கு என்ற நிலையைக் கடந்து நோயின் ஊர்தியாகவும் கருதப்பட்டது. இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் இருந்தன. எளிதில் எடுத்து உதறத்தக்க சிறு விரிப்புக்குத் திரும்புவது ஒன்று. கம்பளத்தைத் தரையிலேயே வைத்துத் தூய்மை செய்யும் கருவியை உருவாக்குவது மற்றொன்று. தொடக்கத்தில் முன்னது செல்வாக்குப் பெற்றது. நாளடைவில் பின்னதே வென்றது.

வீட்டுக்குள் வந்த கருவி

1876இல் மிச்சிகனைச் சேர்ந்த மெல்வில் பிஸ்ஸல், சுழலும் தூரிகை கொண்ட கம்பளப் பெருக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் தூசியை உறிஞ்சும் பொறியை அமைத்தார். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே கம்பளத்தைத் தூய்மை செய்ததால் அது புகழ்பெற்றது. அப்பொறி குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். பணியாளர் நீண்ட குழாய்களைச் சாளரம் வழியே உள்ளே செலுத்துவர். அதாவது, தூய்மை விலைக்குப் பெறும் சேவையாக இருந்தது. 1908இல் ஒகையோவின் கட்டடப் பணியாளர் ஜேம்ஸ் ஸ்பாங்லர் காப்புரிமை பெற்று, பின்னர் ஹூவர் நிறுவனம் விற்பனை செய்த சிறு மின்கருவி இந்நிலையை மாற்றியது. வெளியார் செய்த சேவை இல்லத்தலைவி தாமே இயக்கும் கருவியாகச் சுருங்கியது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கம்பளமும் மாறியது. ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் வட்டாரத்தில் 1895இல் கேத்தரின் எவன்ஸ் கையால் செய்த குஞ்ச வேலைப் படுக்கை விரிப்பு ஒரு குடிசைத் தொழிலுக்கு வித்திட்டது. அத்தொழிலின் ஊசிமுறை இயந்திரமயமாகி, ஆயத்தத் துணியில் நூலைக் குத்திச் செருகும் அகன்ற கம்பளங்களை விரைவாக உற்பத்தி செய்தது. செயற்கை இழை விலையை மேலும் குறைத்தது. சாய்வான கூர்முட்கள் பதித்த மரச்சட்டங்களைச் சுவரோரம் அடித்து, அவற்றில் கம்பளத்தை இழுத்து மாட்டும் முறை பரவியது. அறையளவுக்குப் பொருத்தி இறுக்கப்பட்ட இக்கம்பளத்தை ஆண்டுதோறும் பெயர்த்தெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாததாயிற்று. உறிஞ்சுகருவி நிலைத்த கம்பளத்தை இயலச் செய்தது. நிலைத்த கம்பளம் அக்கருவியை இன்றியமையாததாக்கியது.

உழைப்பு குறைந்ததா?

வீட்டுக் கருவிகள் இல்லத்தலைவியின் வேலைநேரத்தைக் குறைக்கவில்லை என்பது ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வின் மையக் கருத்து. கம்பளத்தின் வரலாறு இதற்கு வலுச்சேர்க்கிறது. பலர் கூடி எப்போதாவது செய்த வேலை, ஒருவர் அடிக்கடி செய்யும் வேலையாயிற்று. எனினும் இரு வரையறைகள் தேவை. கம்பளம் அடித்தல் கடும் உடலுழைப்பு. அது ஒழிந்தது மெய்யான பயனே. மேலும், இல்லற வழிகாட்டி நூல்கள் எது செய்யப்பட வேண்டும் என்று கூறுவனவேயன்றி, எது செய்யப்பட்டது என்பதற்கு நேர்ச்சான்றாகா. பணியாளரற்ற எளிய இல்லங்களின் நடைமுறையை அவற்றிலிருந்து மட்டும் ஊகிப்பது பொருந்தாது.

முடிவுரை

ஆணி, முட்சட்டம், உறிஞ்சுகருவி ஆகியவற்றைத் தனித்தனிப் புத்தாக்கங்களாகக் காணும்போது முன்னேற்றத்தின் கதையே எஞ்சுகிறது. அவற்றைப் பொருத்துதல், பராமரித்தல் என்னும் ஒரே தொடரில் வைத்துக் காணும்போது உழைப்பு இடம்பெயர்ந்த வரலாறு புலப்படுகிறது. விரிப்பு தரையாக மாறியபோது, முற்றத்தில் பலர் காண நிகழ்ந்த உழைப்பு சுவர்களுக்குள் சென்று கண்ணுக்குப் புலப்படாததாயிற்று. வீட்டுப்பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைச் செய்தோரோடு, அவற்றை நாள்தோறும் பேணியோரையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.