நாளந்தா பல்கலைக்கழகம்: தண்ணீரை முன்வைத்துக் கட்டிய வளாகம்

திமிரி, ஆற்காடு, விஷாரம் பக்கம் புதிதாக ஒரு மதரஸாவோ கல்லூரியோ எழும்பினால் எத்தனை மாடி, எவ்வளவு செலவு என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பது கடைசிக் கேள்வி. இத்தனைக்கும் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டு, உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996-இல் தீர்ப்பு வந்த பகுதி நம்முடையது. அதனால்தான் பீகாரில் எழுந்துள்ள ஒரு வளாகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

நாளந்தா பல்கலைக்கழகம் 2010-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவாகி, 2014-இல் வகுப்புகளைத் தொடங்கியது. பழைய நாளந்தாவின் இடிபாடுகளுக்குச் சற்றுத் தொலைவில், ராஜ்கிரில் அமைந்த புதிய வளாகம் 2024 ஜூன் 19 அன்று திறந்து வைக்கப்பட்டது. வடிவமைத்தது, மறைந்த கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி அகமதாபாத்தில் நிறுவிய வாஸ்து சில்பா நிறுவனம். மொத்தப் பரப்பு 455 ஏக்கர். அதில் சுமார் 100 ஏக்கர் நீர்நிலைகள்!

இந்த நீர்நிலைகள் அழகுக்காக வெட்டியவை அல்ல. தென் பீகார் விவசாயிகளிடம் 'ஆஹர்-பைன்' என்றொரு பழைய முறை உண்டு. மூன்று பக்கம் கரை கட்டி மழைநீரைத் தேக்குவது ஆஹர்; ஆற்று நீரைத் திருப்பிக் கொண்டுவரும் கால்வாய் பைன். நம் ஊர் ஏரியும் வரத்துக் கால்வாயும் போலத்தான். வளாகத்தின் நீர்த் திட்டம் இந்த முறையைத் தழுவியது. கழிவு நீரும் சுத்திகரிக்கப்பட்டு மறுபடி பயன்படுகிறது. தேவையான மின்சாரத்தையும் நீரையும் வளாகமே ஈடுகட்டிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதற்காகச் சூரிய மின் நிலையமும் உண்டு.

சுவர்களுக்குச் சூளைச் செங்கல்லுக்குப் பதிலாக, மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்திய கற்கள். சுடுவதில்லை, எனவே விறகோ நிலக்கரியோ வேண்டாம். வெயில் காய்கிற ஊரில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்துவிட்டு, பிறகு ஏசிக்கு மின்கட்டணம் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மண் கட்டடம் ஏழைக்கும் கண்ணியமானது என்று எகிப்தில் கட்டிக் காட்டியவர் ஹசன் ஃபத்ஹி. அவர் பெயரிலான விருதை 1992-இல் பெற்றது நம் தமிழ்நாட்டின் ஆரோவில் பார்வையாளர் மையம். அதுவும் அழுத்திய மண் கற்களால் ஆனதே.

நூறு ஏக்கர் நீர்நிலைக்கு நாம் எங்கே போவது? ஆனால் ஒளூ நீர் நம்மிடம் தினமும் ஐந்து வேளை ஓடுகிறது. அந்த முஸ்தஃமல் நீரால் மறுபடி ஒளூ செய்ய முடியாதே தவிர, அது சுத்தமானதுதான்; மரத்துக்குப் பாய்ச்சத் தடையில்லை. கழிப்பறைக் குழாயோடு சேர்த்துவிட்டால் அதுவும் சாக்கடையாகிவிடும். தனிக் குழாய் போட, வரைபடம் தயாராகும்போதே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். தளம் போட்ட பிறகு என்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியும் அப்படியே. 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம் என்பதால், வரைபடத்தில் எப்படியும் இருக்கும். அது வெறும் குழியா, மாடி நீர் உண்மையில் அங்கே இறங்குகிறதா என்பதை நிர்வாகிகள் ஒரு மழை நாளில் நேரில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.