வைகைக்கரைக் கல்லூரிகள் – 7: இருபத்தோராம் பிரிவு

கல்கத்தா சட்டமன்றத்தில் கோகலே எழுந்து வாதாடிய இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். அவர் வாதம் எடுபடவில்லை. 1904 மார்ச்சில் கர்சன் பிரபுவின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது.

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலை. அமெரிக்க மிஷன் அங்கே 1881-இல் கல்லூரி வகுப்பைத் தொடங்கியது. முதல்வர் வாஷ்பர்ன். படிப்பு எஃப்.ஏ. வரைதான், 'இரண்டாம் தரக் கல்லூரி' என்பார்கள். பி.ஏ. படிக்க ஆசைப்பட்டவன் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரி தேடிப் போகவேண்டும். இத்தகைய கல்லூரிகளைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம் என்று 1902-இலேயே ராலே தலைமையிலான பல்கலைக்கழகக் கமிஷன் சொல்லியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் இணைப்பை நாடும் கல்லூரிக்குப் புதுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு போட்ட நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். ஆசிரியர்களின் தகுதி என்ன? கட்டடம் போதுமா? நூலகம் உண்டா? அறிவியல் என்றால் ஆய்வுக்கூடம் எங்கே? மாணவர் தங்க இடம்? பணத்துக்கு வழி? அத்தனைக்கும் பதில் வேண்டும். புதிதாக ஒரு பாடம் சேர்ப்பதற்கும் இதே சோதனைதான் என்றது 22. கொடுத்த இணைப்பைப் பறிக்கவும் வழி வைத்தது 24. விண்ணப்பம் சிண்டிகேட்டைத் தாண்டி, செனட்டைத் தாண்டி, கடைசியில் அரசின் மேசைக்குப் போகும். முடிவு அங்கேதான்.

நூலகமும் ஆய்வுக்கூடமும் கேட்டதில் தவறே இல்லை. கரும்பலகையில் வரைந்து காட்டியே அறிவியலை முடித்துவிடுவது மாணவனுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தலைநகரத்துக் கல்லூரிக்கும் மானாவாரிச் சீமையின் கல்லூரிக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால், அடி விழுவது ஊரைவிட்டுப் போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைக்குத்தான். தன் ஊரில் எந்தப் பாடம் இருக்கிறதோ, அதுவே அவன் தலையெழுத்தாகிறது.

சட்டம் வந்த அதே 1904-இல், சம்ப்ரோவின் தலைமையில் கல்லூரி பசுமலையிலிருந்து மதுரைக்குப் பெயர்ந்தது. 1909-இல் ஹென்றி இர்வின் வடிவமைத்த பெரிய மண்டபம் வைகையின் வடகரையில் எழுந்தது. 21-ஆம் பிரிவு கேட்ட கட்டடம் இதோ நிற்கிறது. ஆனால் கட்டடம் அந்தப் பட்டியலில் ஒரு வரிதானே!

பி.ஏ. நடத்த அனுமதி கிடைக்குமா? கிடைத்தால், எந்தெந்தப் பாடங்களுக்கு? முடிவைச் சொல்லப்போவது 1913.

(தொடரும்)