கீழ்ப்படிவு விரதமும் யேசு சபையின் கலைப்பும்

கத்தோலிக்கத் துறவியர் பூணும் விரதங்கள் வறுமை, கற்பு, கீழ்ப்படிவு என மூன்றாம். முன்னைய இரண்டும் பிற சமயத் துறவியர்க்கும் பொதுவெனலாம். மூன்றாவதனையே தனக்குச் சிறப்பணியாகக் கொண்டது யேசு சபை. 1540 ஆம் ஆண்டிற் பாப்பரசர் மூன்றாம் பவுலின் அங்கீகாரம் பெற்ற அச்சபையில் உயர்நிலை எய்தியோர், திருப்பணியின் பொருட்டுப் பாப்பரசர் எங்கு ஏவினும் செல்வதாக நான்காவது விரதமொன்றும் பூண்டனர்.

சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியார் 1553 இல் போர்த்துக்கல் நாட்டுச் சபையாருக்கு வரைந்த திருமுகத்திற் கீழ்ப்படிவை மூன்று படிகளாக வகுத்தார். ஏவியதைச் செய்தல் முதற்படி. ஏவியவர் விருப்பத்தைத் தன் விருப்பமாக்கல் இரண்டாம்படி. தன் அறிவையும் அவர் கருத்துக்கு ஒப்புவித்தல் மூன்றாம்படி. மேலவரைக் கிறித்துவின் இடத்தில் வைத்துக் காண்பவனுக்கே இது கைகூடும் என்பது அவர் கொள்கை. ஆயினும், மாறுபட்ட கருத்துடையான் இறைவனை வேண்டியபின் அதனை மேலவரிடம் எடுத்துரைத்தல் தகும் என்றும் அத்திருமுகமே கூறுகின்றது. சபையாரை எள்ளி எழுதியோர் இப்பகுதியைப் பெரும்பாலும் நோக்கினாரல்லர்.

சபையையே கலைக்குமாறு பாப்பரசர் பணித்தபோது இவ்விரதம் கடுஞ்சோதனைக்குள்ளாயிற்று. போர்த்துக்கல் 1759 இலும், பிரான்சு 1764 இலும், ஸ்பானியா 1767 இலும் சபையைத் தத்தம் நாட்டில் ஒழித்துவிட்டுப் பின் உரோமாபுரியை நெருக்கின. 1769 இற் பதவியேற்ற பதினான்காம் கிளெமெந்து நான்காண்டு காலந்தாழ்த்தி, 1773 யூலை 21 ஆம் நாளிட்ட ஆணையாற் சபையைக் கலைத்தார். அவ்வாணை குற்றச்சாட்டுக்களை அடுக்கிக் கூறிற்றேயன்றி, அவை மெய்யெனத் தீர்ப்பளிக்கவில்லை. திருச்சபையின் அமைதியே காரணமெனக் காட்டிற்று. 20,000 இற்கு மேற்பட்ட சபையார் தனிச்சபை கண்டு பிரிந்தாரல்லர். கல்லூரிகளையும் நூலகங்களையும் கையளித்துவிட்டு அகன்றனர். 1606 இல் நொபிலி அடிகள் தொடங்கியதும், வீரமாமுனிவர் உழைத்ததுமான மதுரை மறைப்பணியும் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக் குருமாரின் பொறுப்பாயிற்று.

சபையின் தலைவர் லொரென்சோ றிச்சி உரோமாபுரியிற் சாந்தாஞ்சலோ கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார். அவர்மீது யாதொரு குற்றமும் நிறுவப்படவில்லை. 1775 நவம்பரில், மரணத் தறுவாயில் நற்கருணை பெறுமுன், கலைக்கப்படுதற்குரிய காரணம் எதனையும் சபை அளிக்கவில்லை என்றும், சிறைப்படுதற்குரிய காரணம் எதனையும் தாம் அளிக்கவில்லை என்றும் இறைவன் முன்னிலையில் உறுதி மொழிந்தார். மூன்றாம்படியிலிருந்து அவர் வழுவினாரோ? வழுவினாரென்று கொள்வதற்கில்லை. ஆணையைத் தடுக்க அவர் யாதும் செய்திலர். அறிவை ஒப்புவித்தல் வேறு, இறக்கும் வேளையில் தம் மனம் அறிந்ததை மறைத்தல் வேறு.

இதனினும் சிக்கலான நிலை இரசியாவில் எழுந்தது. 1772 இற் போலந்து பங்கிடப்பட்டபோது, வெண்ணிரசியாவிலிருந்த சபையார் 201 பேர் கதரீன் பேரரசியின் குடிகளாயினர். பாப்பரசரின் ஆணையோ ஒவ்வோரிடத்திலும் மேற்றிராணியாரால் முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே வலுப்பெறுவது. பள்ளிகளை நடத்த ஆசிரியரை இழக்க விரும்பாத பேரரசி அவ்வறிவிப்பைத் தடைசெய்தாள். ஆளும் அதிகாரத்துக்குப் பணிக என்பது பவுல் அடியார் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 13 ஆம் அதிகாரம் விதிப்பது. பாப்பரசருக்குப் பணிவதோ அவர்தம் விரதம். ஒன்றைக் காத்தால் மற்றொன்று கெடும் எனும் நிலை. பொலொற்சுக் கல்லூரி அதிபர் சேர்ணியேவிச் அடிகள் எளிய வழியை நாடவில்லை. ஆணையை நிறைவேற்றவிடுமாறு, அஃதாவது தம் சபையை அழியவிடுமாறு, அவரே பேரரசியிடம் விண்ணப்பித்தார். அவள் மறுத்துவிட்டாள். மறுக்கப்பட்ட பின்னரே அவர்கள் துறவுடையுடன் தம் பணியைத் தொடர்ந்தனர். அதனைச் சூழ்ச்சி என்றார் உளர். விண்ணப்பத்தை நோக்குவார்க்கு அக்கூற்று ஏற்புடைத்தாகத் தோன்றாது.

கத்தோலிக்கர் அல்லாத அப்பேரரசியின் நிழலில் எஞ்சிய அச்சிறு கூட்டத்தையே ஏழாம் பயஸ் 1801 இல் வெளிப்படையாக அங்கீகரித்தார். 1814 ஆகஸ்ட் 7 ஆம் நாள் உலகெங்கும் சபையை மீள நிறுவினார். ஆறாண்டு கழிந்து, 1820 இல், இரசிய அரசு அவர்களைத் தன் நாட்டினின்றும் வெளியேற்றியது. அப்போதும் அவர்கள் பணிந்தே சென்றனர்.