அருவியாற்றுச் சரிவிலே ஒரு வரலாற்றுப் பயணம்

ஆற்றங்கரைகளே நாகரிகத்தின் தொட்டில்கள் என்பது வரலாறு கற்போர் யாவரும் அறிந்த உண்மை. நைல் நதியையும் சிந்து நதியையும் காவிரியையும் பற்றி எம் மாணவர் பக்கம் பக்கமாக எழுதுவர். ஆயின் தம் வீட்டு வாயிலிலே கடலொடு கலக்கும் ஆற்றின் வரலாற்றைக் கேட்பின் வாய் திறவார். இது மாணவர் குற்றமன்று. கற்பிக்கும் எம் குற்றமேயாம். அக்குற்றத்தை ஓரளவேனும் நீக்கும் நோக்குடன், மாசி மாத விடுமுறை நாள்கள் சிலவற்றில், மேல்வகுப்பு மாணவர் சிலரோடு துவிச்சக்கர வண்டியில் அருவியாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே அநுராதபுரத்திலிருந்து மன்னார்க் கரை வரை சென்று வந்தேன். அப்பயணம் உணர்த்திய ஒரு கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என வழங்கும் ஆற்றையே நாம் அருவியாறு என்கிறோம். பழைய பாளி நூல்கள் குறிக்கும் கதம்ப நதி இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 164 கிலோமீற்றர் நீளமுடைய இது, மகாவலி கங்கைக்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது நெடிய ஆறாகும். அநுராதபுரத்தைத் தழுவி, வடமேற்கு நோக்கி வளைந்து, அரிப்புக்கு அண்மையிலே மன்னார் வளைகுடாவிற் கலக்கிறது.

இப்பயணத்துக்குத் துவிச்சக்கர வண்டியைத் தேர்ந்தமைக்குச் செலவுச் சுருக்கம் மட்டுமே காரணமன்று. பேருந்திற் செல்வோன் ஊர்களைக் காண்பான். ஊர்களுக்கு இடையிலுள்ள நிலத்தைக் காணான். நடந்து செல்வோன் நிலத்தைக் காண்பான். ஆயின் ஒரு பள்ளத்தாக்கை முழுமையாக அவன் உள்ளத்திற் கொள்வதற்கு முன்னர் விடுமுறை முடிந்துவிடும். மிதித்துச் செல்வோனுக்கோ நிலத்தின் ஏற்றமும் இறக்கமும் காலிலே எழுதப்படுகின்றன. அநுராதபுரத்திலிருந்து மதவாச்சி, செட்டிக்குளம், முருங்கன் வழியாக மன்னாருக்குள்ள தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். அநுராதபுரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்தில் உள்ளது. எனவே, வழியிடையே சிறு மேடுபள்ளங்கள் இருப்பினும், நிலம் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர்கூடத் தாழ்வதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இச்சரிவே இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை ஆக்கியது என்பதே யான் கூறவந்த கருத்தாகும்.

இச்சரிவை நம்பித் தன் உயிரை ஒப்படைத்த ஒருவனின் வரலாறு யாவரும் அறியற்பாலது. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞன் 1660ஆம் ஆண்டிலே, தன் 19ஆவது வயதில், திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்திலே கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டான். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மலைநாட்டிற் கழிந்தன. 1679இல் அவனும் அவன் தோழன் ஸ்ரீவன் றட்லண்டும் சிறு வணிகர் போலப் பண்டம் விற்றுக்கொண்டு அநுராதபுரத்தை அடைந்தனர். அவர்களிடம் நிலப்படம் இல்லை; வழிகாட்டியும் இல்லை. ஆறு எங்கேனும் கடலை அடைந்தே தீரும் என்னும் ஒரே நம்பிக்கையுடன் இவ்வாற்றைப் பின்பற்றினர். ஆற்றோரத்திலே செதுக்கிய கற்றூண்கள் நிறைந்து கிடந்த இடங்களைக் கடந்து, காட்டு யானைகளுக்கு அஞ்சி ஒதுங்கி, ஈற்றில் 1679 ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று. அன்று அவன் கண்ட கற்றூண்கள், அதே ஆற்று வழியிலே முன்னொரு காலத்தில் வாழ்ந்த பெருமக்களின் எச்சங்கள் ஆகும்.

செட்டிக்குளத்தைக் கடந்து முருங்கனை நோக்கி வருவோர், பெருந்தெருவை விட்டு விலகித் தேக்கம் என்னும் இடத்துக்கு அவசியம் செல்லுதல் வேண்டும். ஆற்றின் குறுக்கே பெருங்கற்களை அடுக்கி அமைத்த பழைய அணை ஒன்று அங்கே உளது. அவ்வணையிலே தடுக்கப்படும் நீர் வாய்க்கால் வழியே சென்று கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் எனப் பெயரிட்டது இதனையே. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் அமைத்ததாக வரலாற்று நூல்கள் கூறும் மானாமத்த வாவி இதுவே எனவும், 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு இதனைப் புதுக்கினான் எனவும் ஆராய்ச்சியாளர் கருதுவர்.

இக்குளத்தைப் பற்றி ஒரு பழி நெடுங்காலம் நிலவியது. 1859இலே இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட சேர் எமேர்சன் டெனன்ற், பண்டைப் பொறியியலாளர் மட்டம் அளப்பதிலே தவறிவிட்டனர் என்றும், ஆற்று நீர் குளத்திற் புகாது மீண்டும் ஆற்றுக்கே திரும்பியது என்றும், ஆதலாற் பெருமுயற்சி அனைத்தும் வீணாயிற்று என்றும் எழுதினார். கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருங் குறையாத நிலத்திலே இத்தகைய தவறு நேர்தல் இயல்பே எனக் கற்றோரும் நம்பினர். ஆயின் பின்வந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் நிலத்தை முறையாக அளந்தபோது, பண்டையோர் கணக்குப் பிழைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் திருத்தப் பணிகள் நடைபெற்றன. நீரும் குளத்தை வந்தடைந்தது. இன்றும் மன்னார் மாவட்டத்தின் நெல்வயல்களிற் பெரும்பகுதி இக்குளத்து நீரையே நம்பியிருக்கிறது. நூலிலே அச்சேறிய கூற்று பிழைத்தது. நிலத்திலே பதிந்த கூற்று பிழைக்கவில்லை. வரலாற்று மாணவன் இதனை மறத்தலாகாது.

தேக்கத்து அணையருகே இளைப்பாறியபோது மாணவன் ஒருவன், "ஐயா, இதைக் கட்டினவர்கள் தமிழரா, சிங்களவரா?" என்று வினவினான். மற்றையோர் பேச்சை நிறுத்தி என் முகத்தை நோக்கினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வரும் எனக்கு அவ்வினா புதியதன்று; ஆயினும் அவ்விடத்திலே அதற்கு விடை கூறல் எளிதாயிருக்கவில்லை. அநுராதபுரத்து அரசர் கட்டுவித்தனர் என்பது நூற்சான்று. அதனை மறைத்தல் ஆசிரியத் தொழிலுக்குத் துரோகமாகும். இந்நீரைக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வயல் விளைவித்து வருவோருள் மிகப்பலர் தமிழ் பேசும் மக்கள் என்பதும் கண்கூடு. அதனை மறுத்தலும் துரோகமே. கல் சுமந்த கைகள் எம்மொழி பேசின என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. "கட்டியவர்கள் இந்நிலத்தின் சரிவை அறிந்தவர்கள், அதை முதலில் நாமும் அறிவோம், பின்னர் உரிமை பேசுவோம்" என்றேன். அவன் நிறைவடைந்தானோ, யான் அறியேன்.

மறுநாள் நானாட்டான் வழியாக அரிப்பை அடைந்தோம். ஆறு முடியுமிடத்திலே முத்து வாழ்ந்தது. இக்கரைக்கு அப்பாலுள்ள பார்களிலே குளித்தெடுத்த முத்துச் சிப்பிகளால் மன்னார்க் கடல் உலகப் புகழ் பெற்றது. முத்துச் சலாபம் நடந்த காரணத்தாற் சலாபத்துறை எனப்பட்ட ஊரே சிலாவத்துறை எனத் திரிந்தது என்பர். ஆங்கில ஆட்சியின் முதல் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோர்த், சலாப காலத்திலே தங்குதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிரேக்கப் பாணியிலே ஒரு மாளிகையைக் கடலோர மேட்டிற் கட்டுவித்தார். மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என அழைப்பர். அல்லியின் கதையை வெள்ளைக்காரன் கட்டடத்துக்கு ஏற்றிய அவர்தம் கற்பனையை வியவாதிருத்தல் இயலாது. 1906இல் முத்துப் பார்கள் ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன; கம்பனி நட்டமுற்று ஒழிந்தது. 1925ஆம் ஆண்டின் பின்னர் அரசு பெருஞ் சலாபம் எதனையும் நடத்தவில்லை. மாளிகையின் அடித்தளத்தையோ கடல் சிறிது சிறிதாக அரித்து வருகிறது. எம் மாணவரின் பிள்ளைகள் அதனைக் காண்பார்களோ என்பது ஐயமே.

அரிப்பிலிருந்து வடக்கே திரும்பி வங்காலை வழியாக மாதோட்டத்தை அடைந்தோம். அநுராதபுரத்தின் வாயிலாக விளங்கிய மாபெருந் துறைமுகம் இதுவே. மகாதித்த எனப் பாளி நூல்கள் இதனைக் குறிக்கும். விசயனுக்கு மனைவியாக மதுரையிலிருந்து வந்த பாண்டியன் மகள் இத்துறையிலேயே இறங்கினாள் என்பது மகாவம்சம் தரும் மரபு. குதிரைலாட வடிவமான மேடும், அதனைச் சூழ்ந்த இரட்டை அகழியும் பழைய நகரின் எல்லையை இன்றும் காட்டுகின்றன. 1980களிலே ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வாய்வில் சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. 2009-10இல் மீண்டும் அகழ்ந்தபோது மிளகும், கடல்கடந்து மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வந்த கிராம்பு ஒன்றும் கிடைத்தன. சோழராட்சியில் இந்நகர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றமையையும், தாழி குமரன் என்பான் இங்கே இராசராசேச்சுரம் எடுத்தமையையும் கல்வெட்டுக் கூறுகிறது. உள்நாட்டு விளைபொருள் சரிவின் வழியே இறங்கி வந்தது. கடல்கடந்த பொருள் அதே வழியில் ஏறிச் சென்றது. மாதோட்டமும் அநுராதபுரமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் எனலாம்.

அம்மேட்டின்மீதே திருக்கேதீச்சரம் திகழ்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் அழித்தனர். காடு மண்டிக் கிடந்த அவ்விடத்தை மீட்டெடுக்குமாறு 1872இலே ஆறுமுக நாவலர் சைவ மக்களுக்கு விண்ணப்பஞ் செய்தார். பல தலைமுறையினரின் முயற்சியால் ஆலயம் மீண்டும் எழுந்தது; 1976இலும் 2022இலும் குடமுழுக்குக் கண்டது. யாம் சென்ற வேளை சிவராத்திரியை அண்டிய காலமாதலின், பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் ஏந்தி அடியார் நிரையாகச் சென்றுகொண்டிருந்தனர்.

மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாலத்திற் காற்று எம்மைப் பின்னே தள்ளியது. இவ்விடத்துப் பழைய பாலம் 1990இலே போரிற் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதமும் 1990இல் நின்று, 2015இலேயே மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. அதே 1990இன் ஒக்டோபரில் இத்தீவிலும் கரையிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தாம் பிறந்த மண்ணைவிட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பாலம் தகர்ந்தமையைச் சொல்லி இதனைச் சொல்லாது விடின், வரலாற்றிற் பாதியையே சொன்னவனாவேன். வழி அடைபட்ட நாளிலெல்லாம் இப்பள்ளத்தாக்கு வறுமையுற்றது. வழி திறந்த நாளிலெல்லாம் வளமுற்றது.

மாணவர்களே, நூல்களைப் படியுங்கள். அவற்றை நிலத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள். மாரி வெள்ளம் வடிந்து, அறுவடை தொடங்கும் மாசி, பங்குனி மாதங்கள் இப்பயணத்துக்கு உகந்தவை. குடிநீரும், சக்கரத்துக்கு ஒட்டுப்போடும் பசையும், காற்றடிக்கும் பம்பும் மறவாது கொண்டு செல்க. தேக்கத்திலே சற்று நின்று, அந்நீர் எத்திசையிற் பாய்கிறது என்று நோக்குக. கண்ணுக்குத் தெரியாத சரிவை அளந்தறிந்து, தமக்குப்பின் வருவோர் எவரென்று கேளாமலே நீரை அனுப்பிவைத்த முன்னோரின் அறிவு அங்கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.