அம்பத்தூர் சைக்கிளும் புதுக்கோட்டைப் பெண்களும்

1949இல் அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று தெருத்தெருவாக ஓடிய வண்டிகள் இங்கே உருவானவை. வெகுகாலம் மிதித்தவர்கள் ஆண்கள். பெண்கள் கேரியரில் ஒருபக்கமாகக் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதைப் புரட்டிப்போட்டது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் துணைநின்றார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள். முன்னால் பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர்ஊராகப் போனது. கவிதை எழுதுகிறவளாக எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

வண்டி கிடைத்தது. சாலை?

2001-02இல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது. பிறகு அது மற்றவர்களுக்கும் விரிந்தது. என் வகுப்பில் கேட்டேன். பலர் பிளஸ் டூவோடு ஓட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். சி.டி.எச். சாலையில் லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவில் மகள் போவதை எந்த அம்மாவும் விரும்பவில்லை.

இரவு வேலையிலும் இதே கதை. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தடை விதித்த சட்டப்பிரிவை 2000இல் வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. போக்குவரத்து, பாதுகாப்பு நிபந்தனைகளும் விதித்தது. தேவையான நிபந்தனைகள்தாம். ஆனால் வேன் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது, தெரு அப்படியே இருட்டில் கிடக்கிறது. வேன் இல்லாத வேலைக்குப் போகிறவள் அதில்தான் நடக்கிறாள்.

சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை அதற்கென்றது. அம்பத்தூர் 2011இலேயே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது தனி நகராட்சிகள். எஸ்டேட்டில் வேலை முடித்து ஆவடிக்குத் திரும்புகிறவளின் கால்களுக்கு இந்த எல்லை எங்கே தெரியும்?

டொரன்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு 1989இல் ஒரு முறையை வகுத்தது: அந்தத் தெருவில் நடக்கும் பெண்களே குழுவாக நடந்து, வெளிச்சம், மறைவிடம், ஆள்நடமாட்டம் எல்லாவற்றையும் குறித்துவைப்பது. டெல்லியில் ஜாகோரி அமைப்பு அதைச் செய்தது. பெரிய செலவில்லை, நோட்டும் பேனாவும் போதும். நாங்கள் ஒன்பது பேர் அம்பத்தூர் ரயில் நிலையத்திலிருந்து மாலை ஏழு மணிக்கு நடந்தோம். எரியாத விளக்குகள் பதினொன்று. நடைபாதையை அடைத்து நின்ற டிரான்ஸ்பார்மர் ஒன்று. உட்கார இடம் எங்குமில்லை; மூட்டுவலிக்காரப் பூக்காரம்மா சொன்ன பிறகுதான் அதைக் குறித்தோம். மனு கொடுத்தோம். ஏழு விளக்குகள் எரிகின்றன. மீதி நான்குக்கும் ஒரு பெஞ்சுக்கும் அடுத்த மனு என் மாணவிகளின் கையெழுத்தில் தயாராகிறது.