பதினெட்டுத் திரையும் ஒரு கடைத்தொகுதியும்

மோலுக்குள்ள நாலைந்து திரையோட தியேட்டர் இருக்கிறது இப்ப யாருக்கும் புதினமில்லை. அந்தப் பழக்கத்துக்கு வழி போட்ட இடங்களில் ஒன்று, இன்று இல்லை.

ரொறன்ரோ ஈற்றன் சென்ரர் கடைத்தொகுதியில் 1979 ஏப்ரலில் 'சினிபிளெக்ஸ்' திறக்கப்பட்டது. தொடங்கினவர்கள் நற் ரெய்லரும் கார்த் ட்ரபின்ஸ்கியும். மொத்தம் 18 திரைகள். அந்த நேரம் உலகத்திலேயே ஓரிடத்தில் அவ்வளவு திரை இருந்ததில்லை. ஆனால் மண்டபங்கள் எல்லாம் சின்னஞ்சிறியவை.

ஏன் அப்படி? கனடாவில் அப்போது புதுப் பெரிய படங்கள் ஃபேமஸ் பிளேயர்ஸ், ஓடியன் எண்ட இரண்டு நிறுவனங்களின் கையில்தான். மற்றவைக்கு மிஞ்சினது ஓடி முடிஞ்ச படங்களும் வெளிநாட்டுப் படங்களும். அதுகளுக்கு ஆயிரம் பேர் வரமாட்டினம். நூறு பேர் வந்தாலே காணும் எண்டதுதான் சின்ன மண்டபத்தின் கணக்கு.

1984இல் கதை மாறிச்சுது. சினிபிளெக்ஸ் அந்த ஓடியனையே வாங்கியது. வெளியில நிண்டவர் முதலாளியானார். 1998இல் அது அமெரிக்காவின் லோஸ் நிறுவனத்தோடு இணைந்தது. புது அரங்குகளுக்குப் பெரிய திரைகள் வர, தாய் அரங்கு பழசாப்போச்சு. 2001 பெப்ரவரியில் லோஸ் சினிபிளெக்ஸ் வங்குரோத்தானது. அடுத்த மாதம் ஈற்றன் சென்ரர் அரங்கும் மூடப்பட்டது.

2008இல் பக்கத்திலேயே 24 திரை அரங்கு ஒன்று வந்தது. திரை கூடினது உண்மைதான். ஆனால் பெரிய படம் வெளியானால் ஐந்தாறு திரையிலும் அதே படம். நூறு பேருக்கான படத்துக்கு இடம் எங்க? திரைகளை அல்ல, படங்களைத்தான் நாங்கள் எண்ணவேணும்.