புகார் நகரத்து இந்திர விழா

ஒரு நகரின் பெருமையை அதன் மதிலையும் மாடத்தையும் பண்டகசாலையையும் கொண்டு அளப்பது ஒரு முறை. அந்நகர மக்கள் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி எதனைக் கொண்டாடினர், எவ்வாறு கொண்டாடினர் என்பதைக் கொண்டு அளப்பது பிறிதொரு முறை. காவிரி கடலொடு கலக்குமிடத்தே சோழரின் துறைமுகமாய் விளங்கிய காவிரிப்பூம்பட்டினத்தை இவ்விரண்டாம் முறையால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புகார் என்றும் பூம்புகார் என்றும் வழங்கப்படும் அந்நகரின் பெருவிழா இந்திர விழா என்பது.

இவ்விழாவைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பாலன இரண்டு நூல்களால் வந்தவை. ஒன்று சிலப்பதிகாரம், மற்றொன்று மணிமேகலை. ஏடுகளில் உறங்கிக் கிடந்த இவ்விரு காப்பியங்களையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் முறையே 1892ஆம் ஆண்டிலும் 1898ஆம் ஆண்டிலும் ஆராய்ந்து அச்சேற்றினார். சிலப்பதிகாரம் செய்த இளங்கோவடிகளைச் சமணத் துறவி என்பது மரபு. மணிமேகலை செய்த சாத்தனாரோ பௌத்தர். வேதம் போற்றும் இந்திரனுக்கு எடுத்த விழாவை நமக்குக் காத்துத் தந்தவர்கள் வேற்றுச் சமயத்துப் புலவர் இருவர். இந்துக்களாகிய நாம் இதனை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

இரு பாக்கமும் ஓர் அங்காடியும்

புகார் நகரம் இரு பெரும் பகுதிகளாய் அமைந்திருந்தது. கடலை அடுத்தது மருவூர்ப்பாக்கம். உள்நோக்கி அமைந்தது பட்டினப்பாக்கம். மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கைகளும், கடல் கடந்து வந்த பிற நாட்டு வணிகர் குடியிருப்புகளும் இருந்தன. நெசவு செய்வோர், பிட்டு விற்போர், மீன் விற்போர், உப்பு விற்போர், கன்னார், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், ஓவியர், மண்ணால் உருச் சமைப்போர், துணியாலும் நெட்டியாலும் பூச் செய்வோர், யாழும் குழலும் வல்ல பெரும்பாணர் ஆகிய அனைவரும் அங்கே வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, பெருவணிகர் வீதி, அந்தணர் வீதி, வேளாளர் வீதி என்பன இருந்தன. மருத்துவரும் சோதிடரும், முத்துக் கோப்போரும் சங்கு அறுத்து வளை செய்வோரும், கூத்தரும் ஆடல் மகளிரும் அப்பாக்கத்தினர்.

இரு பாக்கத்துக்கும் இடையே மரச் சோலையில் அமைந்தது நாளங்காடி என்னும் பகற்சந்தை. அங்கே காவற்பூதத்துக்குப் படையல் இட்டே விழா தொடங்கியது. அரண்மனை முற்றத்தில் தொடங்காது, இரு பகுதி மக்களும் நாள்தோறும் கொண்டும் கொடுத்தும் பழகிய சந்தையில் அவ்விழா தொடங்கியமை கருதற்பாலது.

விழா எடுத்த முறை

சித்திரைத் திங்களிற் சித்திரை நாளும் நிறைமதியும் கூடிய வேளையில் விழா தொடங்கும். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரில் ஏற்றி நகருக்கு அறிவிப்பர். கொடியேற்றுவர். காவிரியின் நன்னீர் கொணர்ந்து இந்திரனுக்குத் திருமுழுக்காட்டுவர். விழா இருபத்தெட்டு நாள் நிகழும் என்கிறது மணிமேகலை.

விழாவை எடுப்பது என முடிவு செய்த அவையைச் சாத்தனார் விரித்துரைக்கின்றார். ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் மட்டுமல்லாமல், தத்தம் சமயப் பொருளை உரைக்கும் கணக்கரும், காலக் கணிதரும், வேற்று மொழி பேசும் அயல் நாட்டாரும் அவ்வவையில் இருந்தனர். வேற்று நாட்டாரையும் அவையில் இருத்தி விழாவுக்கு நாள் குறித்த நகரம் அது.

முரசறைந்தோன் அறிவித்த செய்திகளும் நோக்கத்தக்கன. மழை தவறாது பொழிக, அரசன் செங்கோல் வழுவாதிருக்க என வாழ்த்திய பின், தெருக்களிற் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புமாறும், வாழையும் கமுகும் கரும்பும் நட்டு விளக்கேற்றுமாறும் கூறுகின்றான். சிவபெருமான் கோயில் முதலாகச் சதுக்கத்துப் பூதத்தின் கோட்டம் ஈறாக எல்லாத் தெய்வங்களுக்கும் உரிய சிறப்பைச் செய்க என்கின்றான். பௌத்தராகிய சாத்தனார் சிவபெருமானை முதலில் வைத்துப் பாடினார் என்பது அக்காலத்து மனப்பான்மைக்கு ஒரு சான்று.

கலையும் கருத்தும்

விழாவிற் சிறந்து நின்றது மாதவியின் ஆடல். அவள் ஆடிய பதினொரு ஆடல்களை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவபெருமானுக்குரியன. அல்லியம், மல், குடம் மூன்றும் திருமாலுக்குரியன. துடியும் குடையும் முருகனுக்குரியன. காமனது பேடி, கொற்றவையின் மரக்கால், திருமகளின் பாவை, இந்திராணியின் கடையம் என்பன எஞ்சியவை. நகரத்துத் தெய்வங்கள் பலவற்றின் கதைகளும் ஒரே அரங்கில், ஒரே கலைஞர் வாயிலாக எல்லாருக்கும் உரியனவாயின.

கலையோடு கருத்துக்கும் அங்கே இடமிருந்தது. மகத மன்னன் கரிகாலனுக்குக் கொடுத்த பட்டிமண்டபம் ஒன்று அந்நகரில் இருந்ததெனச் சிலப்பதிகாரம் கூறும். சமய வாதம் செய்வோர் அம்முறை அறிந்து பட்டிமண்டபம் ஏறுக என்றும், அறம் உரைப்போர் பந்தரிலும் பொதுவிடங்களிலும் அமர்ந்து உரைக்க என்றும், பகைவரே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுக என்றும் விழா முரசு அறிவித்தது. வாதம் வேண்டாம் என்று நகரம் கட்டளையிடவில்லை. வாதத்துக்கு ஒரு மண்டபத்தைக் கொடுத்து, பூசலைத் தெருவிலிருந்து நீக்கியது. இக்காலத்தில் பட்டிமன்றம் என்று நாம் நகைச்சுவைக்காகக் கூட்டும் அரங்கின் முன்னோன் இத்தகைய பெருமை உடையது.

ஆயினும் காப்பியங்கள் விழாவை வெறும் மகிழ்ச்சிக் காட்சியாக நமக்குக் காட்டவில்லை. ஊர் முழுதும் மாதவியின் ஆடலைக் கண்டு களித்தபோது கோவலன் ஊடல் கொண்டிருந்தான். விழா முடிவிற் கடலாடச் சென்ற இடத்தே இருவரும் பிரிந்தனர். கோவலன் கொலையுண்ட பின்னர் வந்த விழாவில் மாதவி ஆடவில்லை. அவளும் அவள் மகள் மணிமேகலையும் அரங்குக்கு வாராமையை ஊரார் பழித்தனர். கலையைப் போற்றிய நகரம் கலைஞரின் துயரை அறியாதிருந்தது. விழாக் கொண்டாடுவோர் மறத்தலாகாத குறை இது.

மறந்த விழா

இவ்விழா மறக்கப்படின் நகருக்குத் தீங்கு நேரும் என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறே நேர்ந்ததாக மணிமேகலை கூறுகின்றது. நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் பிறந்த மகவு மணிபல்லவத்திலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டது; கப்பல் கவிழ்ந்தது. அம்மணிபல்லவத்தை நம் நயினாதீவு எனக் கொள்வாருளர். மகனைக் காணாது அரசன் கடற்கரையெங்கும் தேடித் திரிந்தான். விழா நின்றது. கடல் நகரைக் கொண்டது.

காப்பியத்தை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் தகாது. ஆனால் நிலமும் கடலும் தரும் சான்றுகள் உள. 1960களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், பல்லவனீச்சரத்தை அடுத்துப் பௌத்த விகாரமும் வெளிப்பட்டன. 1981 முதல் கடலடியிலும் ஆய்வு நிகழ்ந்தது. கரையின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக் கொண்டமை ஐயமின்றித் தெரிகின்றது. எனினும் ஊர் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியுள்ளார். அருகிலுள்ள சாய்க்காட்டை அவரும் திருநாவுக்கரசரும் பாடினர். நகரின் ஒரு பகுதியைக் கடல் கொண்டது, கோயில்கள் நின்றன. ஆனால் இருபத்தெட்டு நாள் விழா மீண்டும் அம்முறையில் எழவில்லை.

ஏன் எழவில்லை? அவை கூடி நாள் குறித்த விழாவாயினும், அதன் உயிர்நிலை அரசனிடத்தே இருந்தது. அரசன் ஒருவன் துயரால் மனங்கலங்கிய ஆண்டில் மருவூர்ப்பாக்கத்தாரோ பட்டினப்பாக்கத்தாரோ தாமே விழாவை எடுத்ததாகக் காப்பியம் கூறவில்லை.

ஈழத்தில் நின்ற விழா

இதனோடு வேறொரு விழாவை ஒப்பிட்டுக் காண்போம். புகாரிற் பிறந்த கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் அங்கிருந்தான் என்றும், தன் நாட்டில் அவளுக்குக் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்றும் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இன்றும் மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்கின்றனர். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். கண்டிப் பெரகராவிற் பத்தினி தேவாலயத்துக்கும் இடமுண்டு. அரசர் பலர் மாறினர், ஆட்சிகள் மாறின. ஊரார் கையில் இருந்தமையால் அவ்விழா நின்றது.

அக்கிழக்கு மண்ணில், காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளே சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதியை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார் என்பதும் நினைக்கத்தக்கது. கண்ணகி வழக்குரை ஒலிக்கும் ஊர்ச் சூழலில் வளர்ந்தவர், மறைந்த யாழின் அமைப்பைக் கணித்து வெளிப்படுத்தினார்.

இளைஞர்காள்! நமது ஊரிலும் விழாக்கள் உள. அவற்றுட் பல, ஒரு தருமகர்த்தாவின் செல்வத்தாலோ ஒரு செயலாளரின் உழைப்பாலோ நடைபெறுகின்றன. அவர் தளர்ந்த ஆண்டில் யார் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்புவது? நாடகம் ஆடிய பிள்ளையின் வீட்டில் அடுப்பெரிகின்றதா என யார் கேட்பது? வேற்றுக் கருத்துடையவனுக்கு மேடையில் இடங்கொடுத்து அவன் சொல்வதைக் கேட்பவர் யார்? பெரியோர் இவ்வினாக்களை இளையோரிடம் இன்றே ஒப்படைத்தல் நன்று. பொறுப்பும் கணக்கும் சாவியும் சேர்த்து ஒப்படைத்தல் அதனினும் நன்று.